நான் இடம் மாற்றிய தேவாலயம்

அந்த வரைபடம் சரியானது. முப்பது வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லி வருகிறேன். என் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், மறுபடியும் சொல்கிறேன்: வரைபடம் சரி.

எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த நான், டென்மார்க்கில் ஹேர்னிங்குக்கு வெளியே ஒரு துணித் தொழிற்சாலையில் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மனைவி மலர் ஊரில். அவளைக் கூப்பிட எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் தலைநகரத்தில் அசையாமல் கிடந்தன. (வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பின்னால் வெளியாகி, ஓர் அரசாங்கமே விழுந்தது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. தபால்காரரைத்தான் சந்தேகப்பட்டோம்.)

எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த இங்கர், ஊர் மண்டபத்தில் ஒரு மாலைக் கூட்டம் ஒழுங்கு செய்தார். புதிதாக வந்தவர்களை ஊர்ச்சனம் அறிந்துகொள்ள வேண்டுமாம்.

"உங்கள் நாட்டைப் பற்றிப் பேசுங்கள்," என்றார்.

"இல்லை, உங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறேன்," என்றேன்.

காரணம் இருந்தது. 'இவர்கள் விருந்தாளிகள், போய்விடுவார்கள், எதற்கு மனைவிமாரும்?' என்று கடையிலும் பஸ்ஸிலும் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊரை இவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று காட்டினால் அந்தக் கதை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். (இளவயது மூளை அப்படித்தான் வேலை செய்யும்.)

ஊரைக் கரைத்துக் குடித்தேன். நடுவில் ஓர் ஓடை. அதன் இரு பக்கமும் இரண்டு கிராமங்கள். கிழக்கோடை, மேற்கோடை என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். கிழக்கோடையில் தேவாலயமும் பாதிரியார் வீடும். மேற்கோடையில் பாற்பண்ணையும் பன்றிப்பட்டியும். அதனால் கிழக்கோடைக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம். வடக்கே எங்கள் தரவை மாதிரி ஒரு வெட்டவெளி, அங்கங்கே தனித்தனிப் பண்ணை வீடுகள். சைக்கிளில் எல்லாம் சுற்றினேன். நாய்கள் துரத்தின. விடவில்லை.

ஒரு படுக்கை விரிப்பில் தொழிற்சாலைச் சாயத்தால் படம் கீறினேன். எழுத்துப் பிழை வந்துவிடும் என்று பெயர்களை எழுதவில்லை. தேவாலயத்துக்குக் கோபுரம், பாற்பண்ணைக்குப் புகைபோக்கி, பன்றிக்குப் பன்றி. சாயம் நன்றாக ஊறி இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்தது. தரமான சாயம் என்று பெருமைப்பட்டேன்.

படத்தை மேடையில் தொங்கவிட்டவர் என் அறை நண்பர், மன்னார்க்காரர் அந்தோனி அண்ணை.

"அண்ணை, வடக்கு மேலதானே இருக்கு?"

"ஓம் தம்பி, மேலதான். வடிவாப் பார்த்துத்தான் கட்டினனான்."

வடக்கு மேலேதான் இருந்தது. அண்ணை பொய் சொல்லவில்லை. விரிப்பின் பின்பக்கத்தை முன்னுக்கு விட்டிருந்தார், அவ்வளவுதான். கிழக்கு மேற்காகிவிட்டது.

நல்ல புவியியல் ஆசிரியன் படத்தைப் பார்க்கமாட்டான், வகுப்பைத்தான் பார்ப்பான். நான் மிக நல்ல ஆசிரியன். விளக்குமாற்றுத் தடியைப் பக்கவாட்டில் நீட்டி, சனத்தைப் பார்த்தபடியே தொடங்கினேன்.

"இங்கேதான் நீங்கள் ஞாயிறுகளில் வணங்குகிறீர்கள்." தடி பாற்பண்ணைப் புகைபோக்கியில் இருந்தது.

சலசலப்பு. வியக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இங்கே வசிப்பவர் உங்கள் மதிப்புக்குரிய பாதிரியார்." தடி பன்றியின் வயிற்றில்.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. முன்வரிசையில் இருந்த பாதிரியார் கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் கார்ல் என்ற பண்ணைக்காரர் எழுந்தார்.

"எல்லாம் மாறி இருக்கிறது!"

"இல்லை! நான் நேரில் பார்த்தேன். நீங்கள்தான் பிழை!" (அங்கேயே பிறந்து வளர்ந்த மனிதரிடம் சொல்கிறேன்.)

மேற்கோடைக்காரர் கைதட்டினார்கள். அவர்களுக்குத்தானே தேவாலயம் கிடைத்திருக்கிறது! கிழக்கோடைக்காரர் கத்தினார்கள். அப்போதுதான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். அந்தோனி அண்ணை வெளியே நழுவக் கதவடியில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

கார்ல் விடவில்லை. "உன் நாட்டில் சமாதானம் வந்தால் போகப்போகிறவனுக்கு எங்கள் ஊர்ப் படம் எதற்கு?"

தடியை அவர் பக்கம் திருப்பினேன்.

"என் மனைவி வரப்போகிறாள். அவளுக்கு வழி சொல்ல வேண்டும்."

"இந்தப் படத்தை வைத்து வழி சொன்னால் அவள் ஜெர்மனியில்தான் போய் நிற்பாள்!"

மறுபடியும் சிரிப்பு. எனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதும் அந்த நேரம் பறந்துவிட்டது. மிஞ்சிய சொற்களை வைத்துச் சொன்னேன்: "வழி தவறட்டும். பரவாயில்லை. இங்கே வந்து தவறட்டும். முதலில் அவளை வர விடுங்கள்!"

சிரிப்பு நின்றது. தடியைக் கீழே வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். கார்ல்தான் எழுந்து போய் ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தார்.

"பன்றியை நன்றாகக் கீறியிருக்கிறாய்," என்றார்.

விரிப்பை அன்றே மேற்கோடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியில் மலர் வந்து சேர்ந்தாள். முதல் கிழமை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனோம். கடைக்காரப் பெண் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேவாலயத்தை இடம் மாற்றியவரின் மனைவியா நீங்கள்!" என்றாள். நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது.

மலரின் முகம் இருண்டது. "நான் வருமட்டும் சும்மா இருக்க ஏலாமல் போச்சோ? சனத்தின்ரை கோயிலிலை ஏன் கை வைச்சனீங்கள்?"

இன்றைக்கும் காரில் நான் வழி சொல்லத் தொடங்கினால், இங்கே பிறந்த மகள் டேனிஷில் கேட்பாள்: "அப்பா, தேவாலயம் இப்போது எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து மலர் சொல்வாள்: "அவரிட்டைக் கேளாதை பிள்ளை. திரும்பவும் தூக்கிக்கொண்டு போயிடுவார்."