வர்க்கி அண்ணன் போட்ட படையல்

நாய்களுக்கு அமாவாசைப் படையல் போட்ட ஒரே மனிதர் எங்கள் குன்னூர் வர்க்கி அண்ணன்தான். நீலகிரி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டார் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் சுடும் பேக்கரி வைத்திருந்ததால் வர்க்கி அண்ணன். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அந்த வீட்டில் நாய்களை ‘அது, இது’ என்று சொல்லக்கூடாது; அவன், அவள்தான்.

அமாவாசை தவறாமல் வாசலில் வாழை இலை விரியும். செத்துப்போன நாய்களுக்குப் பிடித்ததெல்லாம் அதில் இருக்கும். ஜூலிக்கு உளுந்து வடை, டைகருக்கு ஈரல் வறுவல்.

“ஏனுங்க, அமாவாசையும் அதுவுமா ஈரலுங்களா?” என்று அண்ணன் மனைவியான அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

“விரதம் உனக்கும் எனக்குந்தானே அம்மணி? டைகருக்கு என்ன வந்துச்சு?”

காக்கை வந்து எடுக்கும்வரை இலையை யாரும் தொடக்கூடாது. பசி தாங்காமல் ஒரு வடையை எடுத்த மாமனாரையே, “கீழ வையுங்க மாமா, அது ஜூலியோடது!” என்று அதட்டியவர் அவர்.

அப்படிப்பட்டவரை அவர் வளர்த்த நாய் மணியின் சாவு உலுக்கிவிட்டது. அவரைவிட அதிகமாக உடைந்தவள் ராணி. மணியும் அவளும் குட்டியிலிருந்து ஒரே சாக்கில் படுத்து வளர்ந்தவர்கள். அவன் போன பிறகு அவள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி போட்ட டாக்டர், “உடம்புல ஒண்ணுமில்லீங்க. அவளாச் சாப்பிட்டாத்தான் பொழைப்பா” என்று கையை விரித்துவிட்டார். அண்ணன் பேக்கரியைப் பூட்டிவிட்டு அவள் முன்னால் தட்டோடு உட்கார்ந்தார். “ஒரே ஒரு வாய், சாமி” என்று கெஞ்சினார். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே அமாவாசை வந்தது. மணிக்கு முதல் படையல். அவனுக்கு உயிரான, பாலில் ஊறிய வர்க்கி இலை நடுவில் இருந்தது. அன்று பார்த்து மழை. எதிர்வீடே தெரியாத மூடுபனியில் காக்கைக்கு எங்கே போவது? அண்ணன் ஒரு கையால் இலைக்குக் குடை பிடித்தபடி ‘கா கா’ என்று கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். பிறகு செல்போனில் காக்கைச் சத்தத்தைத் தேடி எடுத்து அலறவிட்டார். எதிர்வீட்டுக்காரர்தான் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“மணிக்கு எம்மேல கோவமுங்க தம்பி” என்று அண்ணன் செல்போனை அணைத்தார்.

அப்போது ராணி எழுந்தாள். தெம்பில்லாமல் சுவரை உரசிக்கொண்டே வந்து, இலையில் வாயை வைத்தாள்.

“ஏனுங்க, படையல எச்சில் பண்றாளுங்க! முடுக்குங்க!” என்று அக்கா பதறினார். மாமனாரையே விடாத மனிதர் என்ன செய்வாரோ என்று பயந்து, நான் ராணியின் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் குனிந்தேன்.

அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

“உடுங்க தம்பி. போனவனுக்குக் காக்கா வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். இருக்கறவ திங்கட்டும்.”

சொல்லிக்கொண்டே குடையை ராணியின் முதுகுக்கு மேல் நகர்த்தினார். அவள் வர்க்கியை முடித்துவிட்டு டைகரின் ஈரலுக்குப் போனாள். அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். அத்தனை மழையில் நனைந்தபடி அத்தனை சந்தோஷமாக நின்ற மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.