மாடியில் ஒரு சிரிப்பு

"இன்னிக்கு ஒரு சிரிப்புச் சத்தமாவது கீழ கேக்கணும் தம்பி. இல்லன்னா அடுத்த மாசம் மாடி டியூஷன் டீச்சருக்குத்தான்," என்றார் மளிகைக் கடைக்காரர் சிவநேசன்.

"கேக்கும்ணே!" என்றான் தனேஷ்.

டத்தோ கிராமாட்டில் அந்தக் கடையின் மாடியில் அவன் தமிழ் நகைச்சுவை மன்றம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மற்ற நாளெல்லாம் பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு மாலை மைக். முதல் வாரம் வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் கழிவறை தேடி வந்தவர்கள்.

"சும்மா வாங்கன்னா யாரு வருவா? சாப்பாடு போடுங்க லா," என்றாள் மனைவி காமினி.

அடுத்த வாரம் ஆளுக்கொரு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்தான். மாடி நிறைந்தது. சாப்பிட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு அவனையே உற்றுப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்து, சீட்டில் பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னான்.

"பேரு சரி. போன் நம்பரு எதுக்கு தம்பி?" என்று பின்வரிசையில் ஒருவர் பதறினார். அன்று முகங்கள் இன்னும் இறுகிப்போயின.

"உங்க டி-ஷர்ட்டப் பார்த்தா யாருங்க மதிப்பா? கோட்டு போடுங்க," என்றாள் காமினி.

எடுத்த காரியத்தை விடுகிறவனா தனேஷ்? இன்றும் சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டு, கோட்டு, டையோடு மைக் முன்னால் ஏறினான்.

"கடல் பாலத்துல ஒரே ஜாம். அது கிளியர் ஆகறதுக்குள்ள என் மாமியார், பக்கத்து கார்ல இருந்த பையனுக்கு ஜாதகம் பார்த்து, பொண்ணையும் பேசி முடிச்சிட்டாங்க!"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் குணவதி அக்கா மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பாவம், சோற்றிலிருந்த மிளகாய்ச் சம்பல் புரையேறிவிட்டது என்று தனேஷ் பாட்டிலோடு ஓடினான்.

"இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாருங்கக்கா."

கூட்டத்தினர் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். படியில் சிவநேசன் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். தனேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்க்கா, நான் அவ்வளவு மோசமாவா பேசறேன்? ஏன் ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கறீங்க?"

"சிரிப்ப அடக்கி அடக்கி வயிறே வலிக்குது தம்பி," என்றார் குணவதி அக்கா. "போன வருஷம் இப்படித்தான் ஒரு கோட்டுக்காரரு சோறு போட்டு, நம்பரு வாங்கி, சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு, நான் சிரிச்ச பாவத்துக்கு மெத்தைய என் தலையில கட்டிட்டாரு, நீங்க விக்க வந்த தண்ணி ஃபில்டரு என்ன வெலைன்னு முதல்ல சொல்லிடுங்க லா, அப்புறம் நிம்மதியா சிரிக்கிறோம்!"