எதிர் கம்பெனி ஜன்னலில் ஒரு பெட்டி

"எதிர் கம்பெனிக்காரன் மாத்திட்டான் சார்! நாம மட்டும் பழசையே வெச்சிகினு கீறோம்."

செங்கல்வராயன் இதோடு எத்தனையாவது முறையாகப் புலம்புகிறார் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வால்வு செய்கிற கம்பெனி. ஈமெயில் வந்தே இரண்டு வருஷம்தான். மெயில் சர்வருக்கு அவர்தான் காவல். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் அதே வேலை அந்தோணிராஜுக்கு. ஆயுத பூஜையன்று அங்கே புது மெயில் சாஃப்ட்வேர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஊரே பார்க்கிற மாதிரி ஜன்னலில் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குச் செங்கல்வராயனுக்குப் பொரி கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

டீக்கடையில் விசாரித்தார். "எப்டி மாமே ஓடுது?"

"ஓடுதாவா? பறக்குது மச்சான்!" என்றார் அந்தோணிராஜ், பன்னை டீயில் முக்கியபடி.

செங்கல்வராயன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி கங்காதரன் மசியவில்லை. "ஜெர்மன் ஆர்டர் பேசிட்டிருக்கோம்யா. பொங்கல் லீவுல மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள எஸ்டேட்டே சிரிக்கும் சார்!"

"சரி, செய். மெயில் நின்னுச்சு, நீ குடோனுக்குப் போயிடுவே."

புதுசைப் போட்டார். பழைய மெயில்கள் கண்ணில் இருந்து மறைந்தன. அவற்றைத் தேடப் போய் எதையோ அழித்தார். புது மெயில் வருவதும் நின்றது. வியர்த்துக் கொட்ட, பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டார். அது விழித்த வேகத்தில், போன வருஷம் அனுப்பிய மெயில்களையெல்லாம் மறுபடி ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பித் தொலைத்தது. இப்போது பேசுவதைவிடக் குறைந்த விலை போட்ட போன வருஷ விலைப்பட்டியல் ஜெர்மனிக்குப் போனது.

"இந்த விலைக்குச் சம்மதம், மிக்க நன்றி" என்று ஜெர்மன்காரன் பதில் போட்டான். அந்த ஒரு மெயில் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

குடோனில் போல்ட் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பிறகும் மனுஷனுக்கு மெயில் வேலை போன கவலையைவிட மற்றதுதான் அரித்தது. இரண்டு கம்பெனிக்கும் டீ கொடுக்கும் குப்பம்மா வந்ததும் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அந்தோணிக்கு மட்டும் எப்டிம்மா பறக்குது?"

"இன்னா சார் பறக்குது? அந்தப் பொட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல; மால காஞ்சி கெடக்குது. 'ஜன்னல்ல வெச்சா போதும், செங்கல்வராயன் மொதல்ல போட்டுப் பாப்பான், அவனுக்கு ஓடுச்சுன்னா நாம பிரிக்கலாம்'னு அவங்க மொதலாளிகிட்ட பூஜ அன்னிக்கே சொல்லிட்டாரே!"