எல்லைச்சாமி தொப்பி போட்ட கதை

சாமிப் படம் என்று சொல்லியிருந்தேன். வந்தது குதிரைப் படம்.

பதுளைக்கு ரயில் வந்த புதிது. கொழும்பிலிருந்து காமில் என்பவன் படம் காட்டும் பயாஸ்கோப்பு மெஷினை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவான். என் கடைக்குப் பின்னால் கூடாரம் அடிப்போம். ஆடி கடைசி ஞாயிறு சாமிப் படம்தான் காட்ட வேண்டும் என்று என் பெண்டாட்டி உத்தரவு. சரி என்றேன். குதிரைப் படம் கொண்டுவா என்று காமிலுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பினேன். படப்பெட்டி மாறிவிட்டதென்று ரயில்மேல் பழி போட்டால், ரயில் எதிர்த்துப் பேசாது.

குதிரைப் படம் என்றால் என்ன? தொப்பி வேண்டும். துப்பாக்கி வேண்டும். புழுதி வேண்டும். அதெல்லாம் சும்மா. கடைசியில் அவன் தனியாகக் குதிரை ஏறிப் போக வேண்டும். எங்கே போறீங்க, எப்ப வருவீங்க என்று ஒருத்தியும் கேட்கக் கூடாது. கேட்டால் அது குதிரைப் படமே இல்லை. எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அந்த ஒரு காட்சிக்காக எதுவும் செய்வேன்.

ஞாயிறு சாயங்காலம் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலை முழுகி, திருநீறு பூசி வந்தார்கள். கூடாரத்து வாசலில் தேங்காய் உடைத்தார்கள். படத்தில் வந்தாலும் சாமி சாமிதானே. ரெங்கசாமி கங்காணி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பெட்டி மாறிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மொதலாளி, ஆளுகள்ளாம் காலையிலேருந்து விரதம்" என்றார் கங்காணி. "சாமியக் கண்டுட்டுத்தான் கஞ்சி."

வாயை மூடிக்கொண்டேன். இவர்கள் கோபித்துக்கொண்டு போனால் என் கடையில் ஈ ஓட்டலாம். ஆரம்பிக்கவா, வேணாமா என்று காமில் கேட்டான். எனக்குத் தெரிந்தால்தானே.

என் பெண்டாட்டி பூவம்மா எழுந்து வந்தாள்.

"பெட்டியில என்ன இருக்கு?"

"பெட்டி மாறிருச்சு."

"என்னன்னு கேட்டேன். ஏன்னு கேக்கல."

"குதிரைப் படம்."

"குதிரையில யாரு?"

"ஒருத்தன். வெளியூர்லேருந்து வாறான்."

"வந்து?"

"ஊரக் கொடுமப்படுத்துறவன அடிச்சுப் போடுறான்."

ஏற இறங்கப் பார்த்தாள். "அது எல்லைச்சாமிதானே. இதுக்குப் போயி ஏன் முழிக்கிறீங்க?"

"பூவம்மா, அவன் தொப்பி போட்டிருக்கான்."

"வெயிலு."

படத்துக்கு வாய் கிடையாது. பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். அது என் வேலை. அதற்கான தகரக் குழல் என் கையில் இருந்தது. அப்புறம் அவள் கையில் இருந்தது.

வெள்ளைக் குதிரையில் வந்தவர் எல்லைச்சாமி. சாராயக் கடையில் மேசையைக் கவிழ்த்தவர்கள் அசுரர்கள். துப்பாக்கி வெடிக்க வெடிக்கப் பெண்கள் குலவையிட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியாயிக்கு அருள் வந்துவிட்டது. திரைத்துணிக்குக் கற்பூரம் காட்டப் போன கங்காணியைக் காமில் காலைப் பிடித்து நிறுத்தினான்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கடைசிக் காட்சிக்குக் காத்திருந்தேன். வந்தது. சூரியன் இறங்குகிறது. அவன் குதிரை ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. தனியாகப் போனான். எனக்குக் கண் நிறைந்தது.

குழலில் அவள் குரல் கேட்டது.

"வேல முடிஞ்சிருச்சு. சாமி நேரா வீட்டுக்குப் போறாரு. வீட்டம்மா சோறாக்கி வச்சிட்டு வாசல்ல நிக்கிறாங்க. வாற வழியில உப்பு வாங்கியாரச் சொன்னாங்க."

பெண்களெல்லாம் அதுதான் நியாயம் என்று தலையாட்டினார்கள். படத்தில் அவன் குதிரையைத் தட்டிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அவசரமாகத்தான் போனான்.

அடுத்த ஆடிக்கும் இதே சாமியை வரவழையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கங்காணி செருப்பை மாட்டினார்.

கடை பிழைத்தது. நானும் பிழைத்தேன். தனியாகக் குதிரை ஏறிப் போக உலகத்தில் மிச்சமிருந்தவன் ஒருத்தன். அவனையும் ஒழுங்காக வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவள், என் பெண்டாட்டி பூவம்மா.