பெயர் சொன்னால்தான் பேசும் ரத்தம்

ரத்தம் பேசுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஊரே வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றது. மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கும் காய்ச்சல் பரவியிருந்த நேரம். ரத்தஜோசியர் சந்தைத் திடலில் கூடாரம் போட்டிருந்தார். மாட்டின் காதில் ஊசியால் குத்தி, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். சொட்டு சொல்வது அவருக்கு மட்டும் கேட்கும். அத்தனை இரைச்சலில் கேட்டதே ஓர் அற்புதம்தான்.

சொட்டு பெரும்பாலும் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் சாபம். சாபம் பிடித்த மாட்டை ஜோசியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதைக் கண்காணாத இடத்தில் கொண்டுபோய் விடுவார். எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறைச்சிக் கடைகளில் அந்த வாரம் சரக்குக்குப் பஞ்சமே இல்லாததையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்தக் கூடாரத்துக்கு முதல் ஆளாக மாடு ஓட்டிப் போனவர் பெரிய பண்ணைக்காரர். யாருக்கும் தலை குனிந்து பழக்கமில்லாதவர். அவருடைய செவலைப் பசுவின் ரத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டது. புதிதாக வந்த பெண்ணின் காலடி சரியில்லையாம். அவள் அம்மா வீட்டுக்குப் போனால்தான் மற்ற மாடுகள் பிழைக்குமாம்.

புதிதாக வந்தவள் அவருடைய மருமகள். கால்நடை ஆய்வகத்தில் வேலை. இந்தக் காய்ச்சலை உண்டாக்கும், ஈயும் கொசுவும் கடித்துப் பரப்பும் வைரஸை மாட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்க அங்கே ஒரு டெஸ்ட் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் காலடி ஜோசியருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை யோசிக்க ஜோசியம் தேவையில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அவளை அனுப்பிவிட வேண்டும் என்று பண்ணைக்காரரின் பங்காளி கெடு வைத்தார். அனுப்பினால் சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. அனுப்பாவிட்டால் ஊருக்குள் நடக்க முடியாது. பண்ணைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் அழவில்லை. அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் மாமனாரைச் செவலையின் கயிற்றைப் பிடிக்கச் சொன்னாள். கழுத்து நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஐந்து குழாய்களை நிரப்பினாள். ஒரு மாட்டுக்கு எதற்கு ஐந்து என்று அவர் கேட்டார்.

"லேப்ல இப்படித்தான், மாமா. ஒரே ரத்தத்துக்கு வேற வேற நம்பர் ஒட்டி எங்ககிட்டயே கொடுப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில் வரலைன்னா எங்க டெஸ்ட் தப்பு. நாங்க செஞ்சதையே நாங்க நம்பறதில்லை."

தன் கைவேலையைத் தானே சந்தேகப்படுகிறவர்களுக்குச் சம்பளம் வேறா என்று அவர் வியந்தார்.

திடலில் ஐந்து குழாய்களையும் நம்பர் ஒட்டி வரிசையாக வைத்தாள். ஜோசியர் நம்பர்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பேர் சொல்லணும்மா. பேர் இல்லாத ரத்தம் ஊமை."

அவள் ஊரில் மாடு வைத்திருக்கும் ஐந்து பேரின் பெயரைச் சொன்னாள். ரத்தம் உடனே வாய் திறந்தது. திடலை இலவசமாகக் கொடுத்த சந்தைத் தலைவர் மாட்டின் ரத்தம் பால் மாதிரி சுத்தம். பங்காளியுடையது தங்கம். ஜோசியரைப் பார்த்துச் சிரித்த வாத்தியார் வீட்டில் மூன்று தலைமுறைச் சாபம். பண்ணைக்காரருக்குப் பழையபடி மருமகள் காலடி. தையல்காரம்மாவின் ஒற்றைப் பசு அன்றைக்கே போயாக வேண்டும்.

தையல்காரம்மா எழுந்து, மரத்தில் கட்டியிருந்த தன் பசுவை அவிழ்க்கப் போனாள்.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். காலடி சரியில்லாதவள் சொன்னால் யார் கேட்பார்கள்? சொல்ல வேண்டியவர் அவர்தான். சொன்னால், முதல் முட்டாள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கயித்தை அவுக்காதேம்மா. அஞ்சும் என் செவலையோட ரத்தம். மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்."

ஜோசியர் அசரவில்லை. வரும் வழியில் குலுங்கியதால் ரத்தம் குழம்பிவிட்டது என்றார்.

"குலுங்கினா தலைவருக்கு மட்டும் சுத்தமாயிடுமா?" என்றார் வாத்தியார்.

பண்ணைக்காரர் ஐந்து குழாய்களையும் இடம் மாற்றி வைத்தார். இப்போது பெயர் இல்லாமல் கேட்கச் சொன்னார். ரத்தம் களைத்துவிட்டதாம். மதியத்துக்குள் கூடாரமும் களைத்துவிட்டது. இருந்த இடத்தில் முளைக்குச்சிகளின் ஓட்டை மட்டும் இருந்தது.

ஆய்வகத்தில் ஐந்து குழாய்களும் ஒரே பதிலைச் சொன்னன: வைரஸ் இருக்கிறது. செவலையைத் தனியே கட்டிக் கொசுவலை போட்டார்கள். இன்னும் நிறைய மாடுகளில் சரிபார்க்க வேண்டும், டெஸ்ட் எங்கே தவறினாலும் அதையும் எழுதி வைப்போம் என்றாள் மருமகள். அவள் பெட்டி பரண்மேலேயே கிடந்தது.

மாலையில் பங்காளி தயங்கித் தயங்கி வந்தார். "அந்த ஆள் சரியில்லைண்ணே. நிஜமாவே ரத்தம் பார்க்கத் தெரிஞ்சவர் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பண்ணைக்காரர் வலைக்குள் நின்ற செவலையைக் கைகாட்டினார்.

"மாட்டுக்குக் கொம்பு தலைக்கு வெளியே. நமக்கு மூளை தலைக்கு உள்ளே. வேணுங்கிற நேரத்துல எடுத்து உபயோகிக்கறது மாடுதான்."