விருந்தாளிக்கு வைத்த புகை

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத ஊரில் ஆராய்ச்சி செய்யக் கூடாது. எனக்கு இது எண்பதுகளின் தொடக்கத்தில், முதுகலைப் படிப்பின் கடைசி வருடத்தில்தான் தெரிந்தது. (தெரிந்து என்ன பயன்?)

விறகு அடுப்பால் வீட்டுக் காற்று எவ்வளவு கெடுகிறது என்பது என் ஆய்வு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், பழனியம்மாக்காவின் சமையலறையில் வாராவாரம் போய் உட்காருவேன். கைப்பம்பால் காற்றை ஒரு வெள்ளைத் தாள் வழியாக இழுத்து, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பேன். உலகத்தையே காப்பாற்றப் போகிறவள் என்று நினைப்பு. தாள் கறுக்காத நாளில் என் முகம் வாடிவிடும்.

அந்த வருடமே முடித்தாக வேண்டும். வாழப்பாடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டாலும் கல்யாணம்தான், பட்டம் மட்டும் கிடையாது. பேராசிரியர் நேரில் வந்து பார்த்து, சரி என்று சொல்வதுதான் பாக்கி. வெள்ளைச் சட்டையில் வந்தார்.

உள்ளே நுழைந்ததும் அக்காவைத் தேடினேன். புகைக்குள் எங்கேயோ இருந்தார். அடுப்பில் பச்சை வேப்பந்தழை, ஈரப் பருத்திமார்க் குச்சிகள், போதாததற்கு ஒரு பழைய சாக்கு. பேராசிரியர் இருமலுக்கு நடுவே எதையோ சொல்ல முயன்றார்.

"புகை பத்துங்களா சாமி? இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றது அக்காவின் குரல்.

அதற்குள் வெளியே, "ஐயோ, பழனியம்மா ஊடு பத்திக்கிச்சு!" என்று கூச்சல். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். முதல் குடம் பேராசிரியர் தலையில் விழுந்தது.

வாசலில் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "தினமும் இப்படித்தான் சமைப்பீங்களாம்மா?"

"தெனமும் இப்படி எரிச்சா மனுசன் உசுரோட இருப்பானுங்களா?"

(அப்பாடா, உண்மையைச் சொல்லிவிட்டார் என்று மூச்சு விட்டேன்.)

"சார் வர்றீங்கன்னு சேத்திப் போட்டனுங்க. மத்த நாள்ல அம்மிணிக்குன்னு ரெண்டு கொத்துத் தழைதானுங்க. பாவம், அம்மிணி அத்தன தூரம் பஸ்ஸேறி வருது, புகையில்லாம எப்படிங்க அனுப்பறது?"

மற்ற நாளெல்லாமா! நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை தாளும் என் கண் முன்னே குப்பையாகின. பேராசிரியர் என்னைத் திட்டக்கூட இல்லை. "எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். குடம் வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரி, இன்னொரு வருசம் படி" என்றார். வாழப்பாடிக்காரர்கள் காத்திருக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. அடுத்த வருடம் தாள் எப்படி இருந்தாலும் சிரித்த முகத்தோடு அளந்தேன், பட்டம் கிடைத்தது.

பிறகு பெண் பார்க்க வந்தவரிடம் அப்பா முதல் வேலையாக இந்தக் கதையைத்தான் சொன்னார். சொல்லியும் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். போதும் போதும் என்கிற விருந்தாளியின் இலையில் நான் இன்னொரு கரண்டி வைக்கும்போதெல்லாம், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்:

"ஏனுங்க அம்மிணி, வெக்கிறது சோறுங்களா, தழைங்களா?"