ஒயின் போட்டால்தான் ஓடும்

வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியவர்கள் கடைசிவரை அப்படியே இருந்துவிடுவது நல்லது. ஒரு தரம் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் நாலாவதோடு நின்றவள். கன்னடம் பேசுகிற பட்டணத்தில், காக்ஸ் டவுனில், இத்தனை வருஷம் இருந்தும், வீட்டுக்கு யார் வந்தாலும் சமையலறைத் திரைக்குப் பின்னால்தான் என் இடம். என் ஒரே மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க ஜோசுவாவும் அவன் அம்மாவும் வந்த அன்றும் அங்கேதான் நின்றேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம்.

"என்ன வேலை தம்பி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"விண்டோஸ் கம்ப்யூட்டருக்குன்னு செஞ்ச கேமை லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஓட வைக்கணும் அங்கிள். சும்மா ஓடாது. ஒயின் போட்டாத்தான் ஓடும்."

"ரொம்ப நல்லது" என்றார் இவர். (கம்ப்யூட்டர் என்று காதில் விழுந்தாலே இவர் தலை தானாக ஆடும்.)

"காலையில ஆபீஸ் போனதும் அதான் முதல்ல போடுவேன். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி பாட்டில். வீட்லயும் போட்டு வச்சிருக்கேன்."

அந்த அம்மா பெருமையாகச் சிரித்தது. எனக்கோ, குடிகாரனைக் கட்டிக்கொண்டு என் அக்கா பட்ட பாடு கண்ணுக்குள் வந்தது.

தட்டோடு திரையைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். "காலையிலேயே பாட்டில் திறக்கிறவனுக்கு எம் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்!"

(என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.)

"எம் மவன் டீகூடத் தொடமாட்டான்" என்றது அந்த அம்மா. "அது சரி, உங்க கையில என்னங்க?"

குனிந்து பார்த்தேன். கேக். பக்கத்தில் வரிசையாகச் சின்ன கிளாஸ்களில் நானே ஊறவைத்து வடிகட்டிய திராட்சை ஒயின். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைக் கொடுக்காமல் யாரையும் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஸ்டெல்லா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு!

ஜோசுவா லேப்டாப்பைத் திறந்தான். "ஒயின்னா ஒரு சாஃப்ட்வேர் ஆன்ட்டி. காய்கறிக்காரர் கன்னடத்துல சொல்றார், எங்கம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும். நடுவுல நான் எடுத்துச் சொல்றேன்ல? கேமுக்கும் லினக்ஸுக்கும் நடுவுல ஒயினுக்கு அந்த வேலைதான்."

"பாட்டில்?"

"ஒவ்வொரு கேமையும் தனியா வைக்கிற டப்பா மாதிரி. அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளதான் ஆன்ட்டி."

ஏதோ தட்டினான். திரையில் ஒரு கார் ஓடியது. எனக்கும் சமையலறைக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்குள் அந்த அம்மா தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

சம்பந்தி! கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

இப்போது மிக்ஸி நின்றாலும் சரி, மாடிப்படியில் இவர் மூச்சு வாங்கி நின்றாலும் சரி, "ஒயின் போட்டாத்தான் ஓடும்" என்று எங்கள் வீட்டில் ஒரு குரல் வரும். சர்ச்சில் யாராவது "மருமகன் என்ன பண்றாரு?" என்று கேட்டால் நானும் ஒளிவதில்லை.

"தினமும் காலையில ஒயின் போடுறாரு. தங்கமான பிள்ளை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, விளக்கம் கொடுக்காமல் வந்துவிடுகிறேன்.